ஸ்பானர் டாக்: காய்ச்சல் இன்ஜினுக்கா, தெர்மாமீட்டருக்கா?

ஹாஸ்டல் ரூம்ல காய்ச்சலா படுத்திருக்கீங்க. நெத்தியில கை வெச்சா தோசைக்கல் மாதிரி சுடுது. ஆனா, தெர்மாமீட்டர் 94 டிகிரிதான் காட்டுது. என்ன பண்ணுவீங்க? 'அப்பாடா, காய்ச்சல் இல்லை'னு எழுந்து மேட்ச் ஆடப் போயிடுவீங்களா? மாட்டீங்க. தெர்மாமீட்டரை ரெண்டு உதறு உதறி மறுபடி வெச்சுப் பார்ப்பீங்க. இல்லேன்னா பக்கத்து ரூம்ல வேற தெர்மாமீட்டர் கடன் கேட்பீங்க.

இந்தப் பொது அறிவு எல்லார்கிட்டயும் இருக்கு. ஆனா, கார் விஷயத்துல மட்டும் அது எங்கேயோ லீவ் போட்டுப் போயிடுது! டெம்பரேச்சர் லைட் எரிஞ்சதும் பாதி பேர், 'சென்சார் புட்டுக்கிச்சு பாஸ், கண்டுக்காம ஓட்டு' என்கிறார்கள். மீதி பேர், 'சென்சாரைக் கழட்டிப் போட்டுட்டு புதுசு மாட்டு' என்கிறார்கள். முதல் கட்சி பேச்சைக் கேட்டால் இன்ஜின் காலி. ரெண்டாவது கட்சி பேச்சைக் கேட்டால் பர்ஸ் காலி.

ஸோ... இந்த வாரம் நம்ம ஹீரோ, கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார். மெக்கானிக்கல் பசங்க மட்டும்தான் படிக்கணும்னு இல்லை. ஃபர்ஸ்ட் இயர்ல ஓம்ஸ் லா படிச்ச எல்லாருக்கும் இது புரியும். படிக்காத ஆர்ட்ஸ் மக்களுக்கும் புரியும், கவலைப்படாதீங்க!

குட்டிப் பய... பெரிய வேலை!

ஆள் பார்க்க ரொம்ப சிம்பிள். கட்டை விரல் சைஸ்ல ஒரு பித்தளை உடம்பு. ஒரு முனை, இன்ஜினைச் சுத்தி ஓடுற கூலன்ட்டுக்குள்ள முங்கியிருக்கும். இன்னொரு முனையில ரெண்டு பின் வெச்ச கனெக்டர். சிலிண்டர் ஹெட்லயோ, தெர்மோஸ்டாட் ஹவுஸிங் பக்கத்துலயோ திருகியிருப்பாங்க. அவ்வளவுதான்.

ஆனா, இவன் சொல்றதை வெச்சுத்தான் காரோட மூளையான ஈ.சி.யூ. ஏகப்பட்ட முடிவு எடுக்குது. குளிர்ந்த இன்ஜின்னா பெட்ரோலைக் கொஞ்சம் தாராளமா தெளிக்கணும். ஐடிலிங் வேகத்தை ஏத்தணும். இக்னிஷன் டைமிங்கை மாத்தணும். சூடு ஏறினதும் இதையெல்லாம் குறைக்கணும். ஒரு அளவைத் தாண்டினா ரேடியேட்டர் ஃபேனைப் போடணும். அதையும் தாண்டினா ஏ.சி-யை கட் பண்ணணும், சிவப்பு லைட்டைக் காட்டணும். இத்தனைக்கும் ஒரே சாட்சி இந்தக் குட்டிப் பயதான்.

'எங்கிட்ட கார் இல்லையே'னு பக்கத்தைப் புரட்டாதீங்க. 2008-ல் வந்த யமஹா ஆர்15, 2012-ல் வந்த கே.டி.எம். டியூக் 200 மாதிரி லிக்விட் கூல்டு பைக்குகளிலும் இவன் இருக்கிறான். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்-6 வந்த பிறகு, ஏர் கூல்டு பைக், ஸ்கூட்டரிலும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் சகஜமாயிடுச்சு. அதுல கூலன்ட் கிடையாது என்பதால், இன்ஜின் சூட்டையோ ஆயில் சூட்டையோ அளக்கிற இவனோட சொந்தக்காரன் ஒருத்தன் இதே வேலையைப் பார்க்கிறான்.

உள்ளே ஒளிஞ்சிருக்கிறது ஃபாரடே!

இவன் வயித்துக்குள்ள இருப்பது தெர்மிஸ்டர். சூட்டைப் பொறுத்து மின்தடை மாறும் ஒரு பொருள். சாதாரண செம்புக் கம்பியைச் சூடாக்கினால் மின்தடை ஏறும்னு படிச்சிருப்போம். இது உல்ட்டா. சூடு ஏற ஏற மின்தடை இறங்கும். இந்த விசித்திரத்தை 1833-லேயே வெள்ளி சல்ஃபைடில் கவனிச்சு எழுதி வெச்சவர், நம்ம மைக்கேல் ஃபாரடே. டைனமோ, மோட்டார்னு நம்மளைப் பாடாய்ப் படுத்தினது பத்தாதுன்னு இங்கேயும் தலைவர்தான்!

பல கார்களில் இருக்கும் பாஷ் டைப் சென்சாரை எடுத்துக்குவோம். 0 டிகிரியில் சுமார் 5,900 ஓம். 20 டிகிரியில் 2,500. 40-ல் 1,175. 80-ல் 320 சொச்சம். 100-ல் 187. 120-ல் வெறும் 114 பக்கம். குளிர்ந்த பக்கம் ஆயிரக்கணக்கில் ஆடுற ஆளு, சூடான பக்கம் போனா ரெண்டு, மூணு டிகிரிக்கு பத்து, இருபது ஓம்தான் அசைவான். இந்த ஒரு விஷயத்தை மனசுல வெச்சுக்குங்க. பின்னாடி ஒரு டிரைவரோட மூணு நாள் சம்பாத்தியமே இதுலதான் மாட்டிக்கிச்சு.

ஈ.சி.யூ-வுக்கு ஓம் எல்லாம் தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது வோல்ட் மட்டும்தான். அதனால, உள்ளே ஒரு நிலையான ரெஸிஸ்டர் வழியா 5 வோல்ட்டை இந்த சென்சாருக்கு அனுப்பும். ரெண்டுக்கும் நடுவுல எத்தனை வோல்ட் நிக்குதுன்னு பார்க்கும். ஃபர்ஸ்ட் இயர்ல படிச்ச அதே வோல்டேஜ் டிவைடர்தான்! உதாரணத்துக்கு, உள்ளே இருப்பது 2,200 ஓம்னு வெச்சுக்குவோம். 20 டிகிரியில் 2.66 வோல்ட் வரும். 80-ல் 0.64. 100-ல் 0.39. கால்குலேட்டர் எடுத்து நீங்களே போட்டுப் பாருங்க, சரியா வரும்.

ஆக, ஈ.சி.யூ. இன்ஜினோட சூட்டை நேர்ல பார்த்ததே இல்லை. அதுக்கு வர்றது ஒரு வோல்டேஜ். அந்த வோல்டேஜை சென்சாரும் மாத்தலாம், ஒயரும் மாத்தலாம், கனெக்டர்ல பிடிச்ச பாசியும் மாத்தலாம். யார் மாத்தினாலும் ஈ.சி.யூ. அதை 'சூடு'ன்னுதான் எடுத்துக்கும்.

சென்னையில் மைனஸ் 40!

ஒயர் அறுந்து போச்சு, இல்லேன்னா கனெக்டர் கழண்டு தொங்குதுன்னு வெச்சுக்குங்க. கரன்ட் போக வழியில்லை. முழு 5 வோல்ட்டும் அப்படியே நிக்கும். அதிக வோல்ட்டுன்னா அதிக மின்தடை, அதிக மின்தடைன்னா பயங்கரக் குளிர். அதனால, மே மாசம் மத்தியானம் கிண்டி சிக்னல்ல நிக்கிற கார் 'மைனஸ் 40 டிகிரி'னு சொல்லும்! அதென்ன கணக்கா 40? ஸ்கேனருக்கு ஈ.சி.யூ. இந்த வெப்பநிலையை ஒரே ஒரு பைட்டில் அனுப்புது. 0 முதல் 255 வரை ஒரு எண். அதுல 40-ஐக் கழிச்சா டிகிரி. அதனால, மைனஸ் 40-க்குக் கீழே சொல்லவே வழியில்லை.

இதுக்கு நேர்மாறா, ரெண்டு ஒயரும் உரசி ஷார்ட் ஆச்சுன்னா வோல்ட் கிட்டத்தட்ட சைபர். ஈ.சி.யூ. கணக்குல இன்ஜின் 'பத்தி எரியுது'.

இந்த நேரத்துல செக் இன்ஜின் லைட் எரியும். ஸ்கேனர் மாட்டினா ஒரு கோடு வரும். பி 0118-னா வோல்டேஜ் ரொம்ப அதிகம், அதாவது எங்கேயோ அறுந்திருக்கு. பி 0117-னா வோல்டேஜ் ரொம்பக் குறைவு, அதாவது எங்கேயோ ஷார்ட். பி 0116-னா ரீடிங் வருது, ஆனா நம்புற மாதிரி இல்லை. பி 0128-னா இன்ஜின் போதிய அளவு சூடாகவே மாட்டேங்குது. இந்தக் கடைசி கோடு வந்தா, முதல்ல தெர்மோஸ்டாட் வால்வு திறந்தபடியே மாட்டிக்கிச்சான்னு பார்க்கணும்.

கவனிச்சீங்களா? இதுல ஒரு கோடுகூட 'சென்சாரை மாத்து'ன்னு சொல்லலை. 'இந்த சர்க்யூட்ல வில்லங்கம்'னு ஏரியா பேரைத்தான் சொல்லுது. வீட்டு நம்பரை நாமதான் கண்டுபிடிக்கணும்.

பொய் சொன்னா என்ன ஆகும்?

சென்சார் ரெண்டு விதமா பொய் சொல்லும். இன்ஜின் சூடா இருக்கும்போதே 'குளிருது, குளிருது'ன்னு நடுங்குறது ஒரு ரகம். ஈ.சி.யூ. பாவப்பட்டு பெட்ரோலை அள்ளி ஊத்தும். மைலேஜ் விழும், கறுப்புப் புகை வரும், ஸ்பார்க் பிளக் கரி பிடிக்கும், சூடான வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். ஃபேனும் நேரத்துக்கு ஓடாது.

குளிர்ந்த இன்ஜின்ல 'நான் சூடா இருக்கேன்'னு பீலா விடுறது இன்னொரு ரகம். காலையில ஸ்டார்ட் பண்ண போதுமான பெட்ரோல் கிடைக்காது. செல்ஃப் அடிச்சு அடிச்சு பேட்டரிதான் சாகும். சாவி போட்ட உடனே ரேடியேட்டர் ஃபேன் ஹெலிகாப்டர் மாதிரி சுத்தும்.

ஆனா, ஃபேன் நிக்காம ஓடினாலே சென்சார் பொய் சொல்லுதுன்னு முடிவு பண்ணிடாதீங்க. சர்க்யூட் அறுந்து போச்சுன்னு தெரிஞ்சா, பல ஈ.சி.யூ. பாதுகாப்புக்காகத் தானே ஒரு வெப்பநிலையைக் கற்பனை பண்ணிக்கிட்டு, ஃபேனையும் தொடர்ந்து ஓட விட்டுடும். கண்ணு தெரியாதவன் கையில குச்சியைப் பிடிச்சுக்கிற மாதிரி ஒரு முன்ஜாக்கிரதை.

கோடே வராத ஒரு கேஸ்

இன்பிளான்ட் ட்ரெயினிங்குக்காக ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்புக்குப் போயிட்டிருந்தப்போ பார்த்த கேஸ் இது. ஒரு டூரிஸ்ட் டாக்ஸி. ஹைவேஸ்ல சமத்தா ஓடும். சிட்டி டிராஃபிக்ல நின்னா, ரிசர்வ் டேங்க்ல இருந்து கூலன்ட் பொங்கி வழியும். ஸ்கேனர் மாட்டினா ஒரு கோடும் இல்லை. டெம்பரேச்சர் 90-ன்னு பச்சைப் பிள்ளை மாதிரி காட்டுது.

டிரைவர் அண்ணன் ஏற்கெனவே ரெண்டு இடத்துல காட்டிட்டு வந்திருந்தார். ஒரு இடத்துல ரேடியேட்டர் மூடியையும் தெர்மோஸ்டாட்டையும் மாத்தியிருக்காங்க. இன்னொரு இடத்துல சென்சாரையே புதுசு போட்டிருக்காங்க. வியாதி அப்படியே இருக்கு. மூணு நாளா ட்ரிப் இல்லை. 'அஞ்சாம் தேதி டியூ கட்டணும் தம்பி, இன்னிக்காவது வண்டி கிடைச்சுடுமா?'ன்னு என்கிட்ட கேட்கிறார். நான் என்ன மெக்கானிக்கா? பக்கத்துல ஸ்பானர் எடுத்துக் கொடுக்கிற பையன்!

ஒர்க்‌ஷாப் அண்ணன் அலட்டிக்கலை. வண்டியை ஐடிலிங்ல விட்டார். தெர்மோஸ்டாட் ஹவுஸிங் மேல ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டினார். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை அந்த டேப் மேல காட்டினார். ஸ்கேனர்ல 90. துப்பாக்கியில 110!

'டேப் எதுக்குண்ணே?'னு கேட்டேன். 'பளபளனு இருக்கிற அலுமினியத்துல அடிச்சா குறைச்சுக் காட்டும் தம்பி. கறுப்புல அடிச்சாத்தான் நெசம்'னார். நாம ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பர்ல எமிஸிவிட்டின்னு ரெண்டு பக்கம் எழுதுற அதே மேட்டர்!

அப்புறம் வண்டியை ஆஃப் பண்ணி, கனெக்டரைக் கழட்டினார். சென்சார் பின்னில் நேரடியா மல்ட்டிமீட்டர் வெச்சா ஒரு ரீடிங். மறுபடி மாட்டிட்டு, ஈ.சி.யூ. பக்கத்து கனெக்டர்ல இருந்து ஒயர் வழியா அளந்தா அதைவிட 100 ஓம் பக்கம் அதிகம். கனெக்டருக்குள்ள டார்ச் அடிச்சார். பித்தளை பின் முழுக்கப் பச்சைப் பாசி. புது சென்சாரைப் பழைய கனெக்டர்ல சொருகினா வியாதி எப்படிப் போகும்?

இப்போ மேலே சொன்ன ஓம் கணக்குக்கு வாங்க. வெறும் 100 ஓம் என்ன பண்ணும்? 20 டிகிரியில் சென்சாரே 2,500 ஓம். 100 கூடினா ஒரே ஒரு டிகிரி வித்தியாசம். காலையில குளிர்ந்த வண்டியை எத்தனை தடவை டெஸ்ட் பண்ணினாலும் 'எல்லாம் ஓகே'ன்னுதான் வரும். ஆனா, 100 டிகிரியில் சென்சார் 187 ஓம். 100 கூடினா 287. அது 84 டிகிரிக்கான மின்தடை! நிஜத்துல 120-ஐ எட்டும்போதுதான் ஈ.சி.யூ-வுக்கு 95-ன்னு தெரியும். 95-ல ஓட வேண்டிய ஃபேன், 120-ல தூங்கி எழுந்து வருது. ஹைவேஸ்ல எதிர்க்காத்து ரேடியேட்டரைக் குளிர வெச்சதால் தப்பிச்சுக்கிச்சு. சிக்னல்ல மாட்டிக்கிச்சு. எந்த ரீடிங்கும் எல்லை மீறாததால் கோடும் விழலை.

கனெக்டரை மாத்தினார். ஃபேன் சொன்ன நேரத்துக்கு சுத்த ஆரம்பிச்சது. சாயங்காலம் வண்டி டெலிவரி. செலவு, மூணு நாளா அவர் இழந்ததுல கால்வாசிகூட இல்லை. இன்னும் கொஞ்ச நாள் அப்படியே ஓட்டியிருந்தா ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், அலுமினிய ஹெட் வளைஞ்சிருக்கும், வண்டி மாசக்கணக்குல ஷெட்ல நின்னிருக்கும். கை கழுவும்போது அண்ணன் சொன்னார்: 'மிஷின் சொல்றதைக் கேட்டுக்க. அது யாரைக் கேட்டுச் சொல்லுதுன்னும் கேட்டுக்க.'

அஞ்சு ஸ்டெப் விசாரணை

சரி, உங்க வீட்டு வண்டிக்கு இந்தப் பிரச்னை வந்தா? புளூடூத் ஓ.பி.டி. அடாப்டர் சில நூறு ரூபாயிலேயே கிடைக்குது. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கிற 16 பின் சாக்கெட்ல சொருகினா, மொபைல்லயே ரீடிங் பார்க்கலாம். கூடவே ஒரு டிஜிட்டல் மல்ட்டிமீட்டர். போதும்.

ஸ்டெப் 1: ராத்திரி முழுக்க நின்ன வண்டி. காலையில ஸ்டார்ட் பண்ணாம சாவியை மட்டும் ஆன் பண்ணுங்க. கூலன்ட் வெப்பநிலையையும், இன்ஜினுக்குள்ள போற காத்தோட வெப்பநிலையையும் பாருங்க. ரெண்டும் வேற வேற சென்சார். ஆனா, ராத்திரி முழுக்க ஒரே இடத்துல தூங்கினவங்க. 28, 29-ன்னு பக்கத்துல பக்கத்துல இருக்கணும். ஒண்ணு 28, இன்னொண்ணு 60-னா, யாரோ ஒருத்தர் பொய் சொல்றாங்க.

ஸ்டெப் 2: ஸ்டார்ட் பண்ணி வேடிக்கை பாருங்க. ரீடிங் படிப்படியா ஏறி, பெரும்பாலான கார்களில் 85-95 பக்கம் நிக்கணும். ஃபேன் ஓடினதும் இறங்கணும். நடுவுல 70-ல இருந்து 30-க்குக் குதிச்சு, திரும்ப 72-னு வந்தா, அது சூடு கிடையாது, லூஸ் கனெக்‌ஷன். தண்ணீர் ஒரு செகண்டுல 40 டிகிரி ஆறாது! ஹைவேஸ்ல போகப் போக ரீடிங் 60, 65-ன்னு விழுந்தா, சந்தேகப் பட்டியல்ல முதல் ஆள் தெர்மோஸ்டாட்.

ஸ்டெப் 3: சாவியை ஆன்ல வெச்சு, சென்சார் கனெக்டரைக் கழட்டுங்க. ரீடிங் மைனஸ் 40-க்குப் போகணும். கழட்டின கனெக்டரோட ரெண்டு பின்னையும் ஒரு மெல்லிய ஒயரால் இணைங்க. ரீடிங் உச்சிக்குப் போகணும். ரெண்டும் நடந்தா ஒயரும் ஈ.சி.யூ-வும் பெரும்பாலும் நல்லவங்க. சந்தேகம் சென்சார் மேலயும் கனெக்டர் மேலயும்தான். ரெண்டு உஷார்: இது ரெண்டு ஒயர் சென்சாருக்கு மட்டும்தான், ஒயரிங் டயகிராம் பார்க்காம பின்னை இணைக்காதீங்க. சில வண்டிகள் கழட்டின உடனே கற்பனை ரீடிங்குக்குத் தாவிடும், அப்போ மைனஸ் 40 வரலைன்னு குழம்பாதீங்க.

ஸ்டெப் 4: இன்ஜின் நல்லா ஆறின பிறகு சென்சாரைக் கழட்டி, ஒரு பழைய பாத்திரத்துல தண்ணீர் வெச்சு, அடியில படாம முனையை முக்கிப் பிடிங்க. கூடவே ஒரு தெர்மாமீட்டர். அடுப்பை ஏத்தி, 40, 60, 80-ன்னு ஒவ்வொரு இடத்துலயும் ஓம் குறிச்சு, உங்க வண்டியோட சர்வீஸ் மேனுவல் அட்டவணையோட ஒப்பிடுங்க. 'கொதிச்சா 100 தானே, தெர்மாமீட்டர் எதுக்கு?'ன்னு ஊட்டி காலேஜ் மக்கள் கேட்கக் கூடாது. உங்க ஊர்ல தண்ணீர் 92, 93-லேயே கொதிச்சுடும்! அம்மாவோட சாம்பார் பாத்திரத்தை எடுக்க வேண்டாம்னு தனியா சொல்லணுமா? கூலன்ட் விஷம், சாமி.

ஸ்டெப் 5: சூடான இன்ஜின்ல ரெண்டாவது தெர்மாமீட்டரால் சரிபாருங்க. டாக்ஸி கேஸை மாட்டிவிட்டது இதுதான். கறுப்பு டேப்பை மறக்காதீங்க. ஃபேன் பிளேடு கிட்ட கையைக் கொண்டுபோகாதீங்க. சில வண்டிகளில் இன்ஜினை ஆஃப் பண்ணின பிறகும் அது திடீர்னு சுத்தும்.

ஊமையாகிப் போகும் சாட்சி

இவ்வளவு நேரம் சென்சாரை சந்தேகப்படச் சொன்ன நானே இப்போ பிளேட்டைத் திருப்பிப் போடுறேன்.

சென்சார் அளப்பது, தன் முனையைத் தொட்டுட்டு இருக்கிறது எதுவோ அதோட சூட்டைத்தான். கூலன்ட் இருந்தா கூலன்ட் சூடு. ஹோஸ் வெடிச்சு கூலன்ட் மொத்தமும் ரோட்டுல கொட்டிப் போச்சுன்னா? முனை காத்துல தொங்கும். இரும்பும் அலுமினியமும் பக்கத்துல வெந்துட்டிருக்கும்போது, சென்சார் சாதுவா ஒரு நம்பரைச் சொல்லிட்டு இருக்கும். சில சமயம் ஏறிட்டிருந்த முள் திடீர்னு கீழே இறங்கக்கூட செய்யும். 'ஹையா, சரியாயிடுச்சு'ன்னு மிதிச்சீங்க... அவ்வளவுதான்!

அதனால, ஏறின முள் காரணமே இல்லாம இறங்கினாலும் சந்தோஷப்படாதீங்க. ஓரங்கட்டுங்க. பல சின்ன கார்களில் முள்ளே கிடையாது. குளிர்ந்திருந்தா நீல லைட், எல்லை மீறினா சிவப்பு லைட். நடுவுல நடக்கிறது எதுவும் நமக்குத் தெரியாது. அந்த மாதிரி வண்டியில சிவப்பு லைட் என்பது முதல் எச்சரிக்கை இல்லை, கிட்டத்தட்ட கடைசி எச்சரிக்கை.

ரோட்டுல சிவப்பு லைட் எரிஞ்சா 'சென்சார் பொய் சொல்லுமோ'ன்னு ஆராய்ச்சி பண்ற நேரம் அது கிடையாது. ஏ.சி-யை அணைச்சு, ஓரமா நிறுத்தி, இன்ஜினை ஆஃப் பண்ணுங்க. குறைஞ்சது அரை மணி நேரம் ஆற விடுங்க. இன்னொண்ணு, ரேடியேட்டர் மூடியைத் தொடவே தொடாதீங்க. அது சும்மா மூடி கிடையாது. பிரஷர் குக்கர் மூடி மாதிரி. உள்ளே அழுத்தத்தை ஏத்தி, 100 டிகிரியைத் தாண்டினாலும் கூலன்ட் கொதிக்காம பார்த்துக்குது. சூட்டோட திறந்தா அழுத்தம் சட்டுனு விழும், கூலன்ட் ஒரே நொடியில கொதிச்சு முகத்துல பீச்சும். விசில் வர்ற குக்கரை யாராவது திறப்பாங்களா? அதே ரூல்தான். ஆறின பிறகும் பச்சைத் தண்ணியை மடமடன்னு ஊத்தாம, கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க.

ஓட்டும்போது சென்சாரை நம்பு. ஷெட்டுக்கு வந்த பிறகு சந்தேகப்படு. இந்த ரெண்டையும் இடம் மாத்திப் பண்றவங்கதான் இன்ஜினையும் காசையும் சேர்த்துத் தொலைக்கிறாங்க.

வைவாவுக்கு ஒரு டிப்ஸ்!

இன்டர்வியூவிலோ வைவாவிலோ 'கூலன்ட் சென்சார் எப்படி வேலை செய்யும்?'னு கேட்டா, எல்லாரும் 'நெகட்டிவ் டெம்பரேச்சர் கோ-எஃபிஷியன்ட் தெர்மிஸ்டர் சார்'னு ஒரே மூச்சுல ஒப்பிப்பாங்க. நீங்க அதோட நிறுத்தாம, 'கனெக்டர்ல 100 ஓம் சேர்ந்தா குளிர்ல தெரியாது சார், சூட்டுலதான் தெரியும்'னு ஒரு வரி போடுங்க. எதிர்ல இருக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார். 'ஏன்?'னு கேட்பார். காரணம்தான் கையிலயே இருக்கே!

இந்த வார ஹோம்வொர்க்: நாளைக்குக் காலையில ஸ்டெப் 1-ஐ மட்டும் உங்க வீட்டு வண்டியில பண்ணிப் பாருங்க. அஞ்சு நிமிஷ வேலை. ரெண்டு நம்பரும் பக்கத்துல பக்கத்துல இருந்தா, அப்பாகிட்ட கெத்தா ரிப்போர்ட் கொடுங்க. இல்லேன்னா, கனெக்டருக்குள்ள டார்ச் அடிச்சுப் பார்க்கிற வரைக்கும் ஒரு பைசாகூட செலவு பண்ண விடாதீங்க.

அடுத்த வாரம்: ஒரு துளி மெழுகு உருகி, ஒரு இன்ஜினையே ஆட்டிப் படைக்குமா? படைக்கும்! தெர்மோஸ்டாட் மேட்டரோட வர்றேன். அதுவரைக்கும்... கூல்!